மஞ்சள் வைத்த ஐம்பத்து நான்கு படிகள்

ஒரு திங்கட்கிழமை காலை குப்பைப் பையோடு வீட்டுக் கதவைத் திறந்தேன். வெளிக் கைப்பிடியில் ஒரு மரப்பலகை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலம், சணல் கயிறு, மேலே ஒரு துடைப்பத்தின் படம், கீழே எனக்குப் படிக்கத் தெரியாத ஒரு ஜெர்மன் சொல். நம் ஊரில் கேட்காமல் கொள்ளாமல் அடுத்தவர் வாசலில் எதையும் தொங்கவிட மாட்டார்கள். வேப்பிலை செருகியிருந்தால் அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. வேறு ஏதாவது இருந்தால் யாரோ வேண்டாதவர்கள் வைத்துவிட்டுப் போனது. நான் திருத்தணிக்காரி. பாதிப் படிப்பு பள்ளிக்கூடத்தில், மீதிப் படிப்பு பேருந்து நிலையத்தில். அதனால் அந்தப் பலகையைக் கையால் தொடவில்லை. சமையலறையிலிருந்து இடுக்கியை எடுத்து வந்து, கயிற்றைப் பிடித்துத் தூக்கி, செருப்பு அலமாரியின் மேல் வைத்தேன். சாயங்காலம் என் கணவர் வேலையிலிருந்து வரும்வரை அந்தப் பக்கமே போகவில்லை.

அவர் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் பள்ளிப்பட்டு விசைத்தறி வீட்டுப் பிள்ளை, இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. எதையும் தொழிற்சாலையில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துவிடுவார். அந்தச் சொல் கேர்வோஹெ, பெருக்கும் வாரம் என்று பொருள். தெற்கு ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் இந்தப் பகுதியில் அது ஒரு பழைய வழக்கம். கட்டிடத்தின் பொதுப் படிக்கட்டை ஒவ்வொரு வீட்டாரும் முறை வைத்து ஒரு வாரம் பெருக்கித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் பலகை தொங்கும். வாரம் முடிந்ததும் அவர் அதை அடுத்த வீட்டுக் கைப்பிடியில் மாட்ட வேண்டும். ஆள் வைத்துச் செய்யக் கூடாதா என்று கேட்டேன். இந்த ஊரில் அப்படிக் கேட்பதே தப்பு என்று சொல்லிவிட்டு, பலகையைத் திரும்பக் கைப்பிடியில் மாட்டினார்.

எங்கள் கட்டிடத்தில் மூன்று மாடி. மாடிக்குப் பதினெட்டுப் படி, நடுவில் ஒரு திருப்பம். மொத்தம் ஐம்பத்து நான்கு. எல்லாம் வெளிர் நிற மரப்படிகள், தேய்த்துத் தேய்த்து வெளுத்தவை. லிஃப்ட் கிடையாது. நாங்கள் மூன்றாம் மாடி. இந்த எண்ணிக்கையை நான் விளையாட்டுக்கு எண்ணவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க என் மகள் வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் காய்கறிப் பையோடு, தினமும் நான் ஏறிய படிகள் அவை. அவளுக்கு அப்போது மூன்றரை வயது. தட்டையான தரையில் நன்றாகவே நடப்பாள். படியைக் கண்டால் மட்டும் அப்படியே உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கிவிடுவாள்.

வள்ளி திருத்தணியில் பிறந்தவள். நடக்கத் தொடங்கியபோதே இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்துதான் நடந்தாள். எங்கள் தெருவில் அதைப் பார்த்து ரசிக்காதவர்கள் இல்லை. வாத்து மாதிரி நடக்கிறாள் என்று கொஞ்சினார்கள். என் நைனா, அதாவது என் அப்பா, தன் தங்கையும் அப்படித்தான் நடப்பாள் என்று பெருமையாகச் சொன்னார். நானும் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, முன்பே இங்கே வேலைக்கு வந்திருந்த என் கணவருக்கு அனுப்பினேன். அதற்காக இன்றுவரை என்னை நானே மன்னிக்க முடியவில்லை. இங்கே வந்த இரண்டாம் மாதம் குழந்தைகளுக்குக் கட்டாயமாக ஒரு பரிசோதனை உண்டு என்று கடிதம் வந்தது. நல்லா இருக்கிற குழந்தையை ஏன் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். மருத்துவர் அவளைப் பத்தடி நடக்கச் சொன்னார். ஐந்தாவது அடியில் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இடுப்பு மூட்டு பிறந்ததிலிருந்தே அதன் குழியில் உட்காரவில்லையாம். அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மார்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு, வாரக்கணக்கில். கட்டைப் பிரித்த பிறகு தோல்வார் வைத்த ஒரு தாங்கி, மாதக்கணக்கில். அதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. அந்த நாட்களில் நான் சாமி கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். எல்லாம் கழன்ற பிறகு மருத்துவர், எலும்பு தன் வேலையைச் செய்துவிட்டது, இனி தசை தன் வேலையைச் செய்ய வேண்டும் என்றார். அவள் தானாகப் படியேற வேண்டும். அந்தக் காலில் பலம் ஏறாவிட்டால், வசந்தத்தில் வரும்போது இன்னொரு அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அவர் மென்மையாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து வசந்தம் என்ற சொல்லே பிடிக்காமல் போயிற்று.

பொம்மை காட்டிப் பார்த்தோம். மிட்டாய் காட்டிப் பார்த்தோம். இவர் முன்னால் ஏறிக் குரங்குபோலக் குதித்துக் காட்டினார். பயிற்சி கொடுக்க வந்த பெண், தூக்காதீர்கள், காத்திருங்கள் என்றாள். ஒருநாள் கீழ்ப்படியில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். வள்ளி அழவில்லை. படியைப் பார்த்துக்கொண்டு, விரலைச் சப்பிக்கொண்டு, எனக்குச் சமமாகக் காத்திருந்தாள். கடைசியில் நான்தான் அழுதேன், தூக்கிக்கொண்டு ஏறினேன்.

இந்த இடத்தில் ஃப்ராவ் மெர்க்லேயைச் சொல்ல வேண்டும். ஃப்ராவ் என்றால் திருமதி. தரைத்தளத்தில் தனியாக இருந்தார், ஐம்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் சைக்கிளில் போய்த் தபால் கொடுக்கும் வேலை. ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டவர் மாதிரி எந்நேரமும் மஞ்சள் சட்டையில்தான் இருப்பார். ஊரிலுள்ள படிகளையெல்லாம் நாள் முழுக்க ஏறி இறங்கிவிட்டு வந்து, எங்கள் கட்டிடத்துப் படிகளுக்கும் காவல் இருந்தார். வள்ளியின் தாங்கி கழன்ற கையோடு இந்தக் கட்டிடத்துக்கு நாங்கள் குடிவந்த மறுநாளே, செருப்பை வெளியே விடாதீர்கள் என்று கதவைத் தட்டிச் சொன்னார். வீட்டுக்குள் செருப்போடு போகிற ஊரில் வெளியே செருப்பு விடுவது குற்றமாம். இன்னொரு நாள் நான் வள்ளியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறும்போது எதிரே வந்தவர், "பெரிய பெண்ணாயிற்றே, இவள் நடக்கலாமே" என்றார். எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. காதில் விழுவது ஓரளவு புரியும், திருப்பிச் சொல்ல அப்போது நன்றி மட்டும்தான் தெரியும். ஆகவே "டாங்கே" என்று நன்றி சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவரும் மகிழ்ந்துபோய்த் தலையாட்டிவிட்டு இறங்கினார். அன்றிலிருந்து அவர் சைக்கிள் மணி கேட்டால் நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

என் அக்கா கஸ்தூரிக்கும் பாவாவுக்கும் திருத்தணி பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் டீக்கடை. அக்கா வீட்டுக்காரரை எங்கள் பக்கம் பாவா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா ஒரு கூப்பிடு தூரம், உறவுமுறையில் பாதி தெலுங்கு. அக்காவிடம் நான் கைப்பேசியில் மருத்துவர் சொன்னதைச் சொன்னபோது டீ ஆற்றும் சத்தம் நின்றது.

"முருகன் கிட்ட சொல்லிட்டேன்டி" என்றாள் மறுநாள். "கொழந்த படியேறட்டும்னு முந்நூத்தி அறுவத்தஞ்சு படிக்கும் மஞ்சா குங்குமம் வெக்கறேன்னு சொல்லிட்டேன்."

திருத்தணி மலைக்கு வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. வேண்டுதல் உள்ளவர்கள் கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொரு படியின் முகப்பிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுவார்கள். குனிந்து நிமிர்ந்து குனிந்து நிமிர்ந்து மேலே போவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அக்காவுக்கு ஏற்கெனவே முட்டி வலி. "அவ ஏறினப்புறம் செய்யலாமே அக்கா, வேண்டுதல்னா அப்படித்தானே?" என்றேன்.

"மின்னாடியே செஞ்சிட்டா அவரு எப்படித் தட்டுவாரு? எதிர்ல வந்து நின்னுகினு கேட்டா குடுத்துதான் ஆவணும்."

முருகனையே மடக்கிப்போடக் கிளம்பியவளை நான் எங்கே தடுப்பது? ஒரு செவ்வாய்க்கிழமை கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு இருவரும் மலையடிவாரத்துக்குப் போனார்கள். சரியாக என் வீட்டில் பலகை தொங்கிய அதே வாரம். பாவா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார், நான் இங்கே பால் காய்ச்சிக்கொண்டே பார்த்தேன். பெரும்பாலும் தெரிந்தது அக்காவின் முதுகும் பாவாவின் கட்டை விரலும்தான். சட்டென்று படம் ஆடியது.

"கஸ்தூரி, தட்ட மூடு! கொரங்கு வந்துகினு கீது!"

வாழைப்பழம் போயிற்று, மஞ்சள் தப்பியது. பிறகு தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. பாவா எண்ணிக்கையை ஒருமுறை தவறவிட்டார், அக்கா திட்டினாள், மறுபடி ஒரு குத்துமதிப்பிலிருந்து எண்ணினார்கள். முந்நூறு தாண்டியதும் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் வேர்த்து ஊற்றியது.

"முட்டி புடிச்சிகிச்சிடி. ஒரு அடி வெக்க முடியல. மீதி அம்பதோ அறுவதோதான் கீது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அத நீ அங்க வெச்சிடு."

"இங்கயா? இங்க ஏது அக்கா மலை, ஏது கோயிலு?"

"மல எதுக்கு? உன் வூட்ல படி கீதா இல்லியா? கொழந்த ஏற மாட்டேங்கறது அந்தப் படியத்தானே?"

பாவா பின்னாலிருந்து, "ஆங், அதுவும் சரிதான்" என்றார். அவர் அக்கா சொன்ன எதையும் சரியில்லை என்று சொன்னதில்லை. ஆனால் எனக்கும் அன்றைக்கு அது சரியாகவே பட்டது. ஐம்பதோ அறுபதோ. மிச்சம் எத்தனை என்று அக்காவுக்கும் தெரியாது, பாவாவுக்கும் தெரியாது. என் கட்டிடத்தில் இருப்பது ஐம்பத்து நான்கு. எப்படியும் நான் கழுவ வேண்டிய வாரம்.

வெள்ளிக்கிழமை காலை கட்டிடத்தில் எல்லோரும் வேலைக்குப் போனதும் மேலிருந்து கீழே படிகளைத் துடைத்தேன். பிறகு தலைக்குக் குளித்து, கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு கீழ்ப்படிக்குப் போனேன். வள்ளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பகுதியாக அவளையும் நகர்த்திக்கொண்டே ஏறினேன். ஒவ்வொரு படியின் முகப்பிலும் நடுவில் ஒரு வட்டம் மஞ்சள், அதன் மேல் ஒரு பொட்டு குங்குமம். கற்பூரம் ஏற்றவில்லை, கூரையில் புகைக்கு அலறும் கருவி. அரோகராவை மனதுக்குள் சொன்னேன். கடைசிப் படி முடிந்து திரும்பிக் கீழே பார்த்தபோது அந்த வெளுத்த மரப்படிக்கட்டு எனக்குத் தெரிந்த ஒன்றாக மாறியிருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல்முறையாக எனக்கு வாய்விட்டுப் பாட வேண்டும்போல இருந்தது.

ஃப்ராவ் மெர்க்லே மூன்று மணிக்கு வருவார். ஒரு மணிக்குத் துடைத்துவிடலாம் என்பது என் திட்டம். துடைத்தேன். குங்குமம் போனது, மஞ்சள் போகவில்லை. மலையில் மஞ்சளை மழையும் ஆயிரம் கால்களும் பார்த்துக்கொள்ளும். இங்கே மரத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கடையில் வாங்கிய ஒரு கறைநீக்கி இருந்தது. குப்பியின் மேல் ஒரு கடிகாரப் படமும் பத்து என்ற எண்ணும். ஐம்பத்து நான்கு படிக்கும் தாராளமாக ஊற்றிவிட்டு, பத்து நிமிடம் ஊறட்டும் என்று வள்ளிக்குத் தோசை வார்க்கப் போனேன்.

மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் ஆரத்தி சிவக்கும். எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பெண்ணுக்கும் தெரியும். எத்தனை கல்யாணத்துக்கு நானே கரைத்திருக்கிறேன்! அந்தக் கறைநீக்கியும் சுண்ணாம்புக்கு அக்கா தங்கை என்பது மட்டும் என் மண்டைக்கு ஏறவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தால் மூன்றாம் மாடியிலிருந்து தெருக்கதவுவரை, படிக்கு ஒன்றாக, காய்ந்த ரத்த நிறத்தில் வழிந்த கறை. தேய்த்தேன். இன்னும் சிவந்தது. கதவைச் சாத்திக்கொண்டு இவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அப்போது கீழே சைக்கிள் மணி அடித்தது. அன்றைக்குப் பார்த்துச் சீக்கிரமே வந்துவிட்டார்.

படிகளில் தடதடவென்று காலடி. கதவு உடைகிறாற்போலத் தட்டல். சரி, வந்துவிட்டது சண்டை என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திறந்தேன். ஃப்ராவ் மெர்க்லேயின் முகத்தில் ரத்தமே இல்லை. கையில் ஒரு முதலுதவிப் பெட்டி. "ப்ளூட்" என்றார். ரத்தம். "கிண்ட்?" என்றார். குழந்தை. எனக்குப் பதற்றத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தை ஒப்பித்தேன்: "மன்னித்துவிடுங்கள். எல்லாப் படியிலும். நான்தான் செய்தேன்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்த பார்வை வாழ்நாளுக்கும் மறக்காது. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். வள்ளி சமையலறைத் தரையில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவர் மண்டியிட்டு அவள் கையைப் பார்த்தார், தலையைத் தடவிப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். வள்ளி அவருக்கும் ஒரு துண்டு தோசையை நீட்டினாள்.

அப்புறம்தான் எனக்கு விளங்கிற்று. மஞ்சள் டப்பாவை ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். என் கையில் அப்போது பத்துப் பதினைந்து ஜெர்மன் சொற்கள்தான். அவற்றை வரிசையாக வைத்தேன்: "என் ஊர், மலை. மலையில் கடவுள். முந்நூற்று அறுபத்தைந்து படி. என் அக்கா, முட்டி, வலி. மீதிப் படி, இங்கே. என் மகள், இடுப்பு, அறுவை. படி, பயம்." சொல்லி முடித்தபோது மூலையில் சாய்த்து வைத்திருந்த தாங்கி அவர் கண்ணில் பட்டது. அதன் தோல்வாரை எடுத்துப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் அன்றைக்கு" என்று தொடங்கினார். "இவள் நடக்கலாமே என்று..." மேலே சொல்லவில்லை. நானும் டாங்கே என்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் எழுந்தார். கறைக்குத் தன்னிடம் ஒன்று இருக்கிறது என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு எங்களையும் கீழே வரச் சொன்னார். வள்ளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவர் வீட்டிலிருந்து ஒரு குப்பியும் பழந்துணியும் கொண்டுவந்தார். திறந்ததுமே மூக்கைத் துளைத்தது. எஸ்ஸிக், அதாவது வினிகர். கீழ்ப்படிக்கு முன் மண்டியிட்டு, துணியை நனைத்து, சிவப்பின் மேல் ஒற்றினார். சிவப்பு மெல்ல மெல்லக் கலைந்து, எங்கிருந்தோ பழைய மஞ்சள் திரும்பி வந்தது. அவர் அதை எதிர்பார்க்கவில்லை. துணியையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, மாறிடுச்சி!" என்றாள் வள்ளி. தவழ்ந்து போய் அந்த மஞ்சளைத் தொட்டாள்.

இரண்டாவது படி. அதுவும் மாறியது. எட்டித் தொட்டாள். மூன்றாவது படியில் ஃப்ராவ் மெர்க்லேயின் அகல முதுகு மறைத்துக்கொண்டது. வள்ளி எழுந்து நின்று எக்கிப் பார்த்தாள். தெரியவில்லை. முதல் படியில் கையை வைத்தாள். பிறகு வலது காலைத் தூக்கி, அறுவை செய்த அந்தக் காலைத்தான், படியின் மேல் வைத்தாள். ஒரு கணம் அப்படியே ஆடிக்கொண்டு நின்றாள். இடது காலும் வந்து சேர்ந்தது. நான் வாயைத் திறந்தேன். ஃப்ராவ் மெர்க்லே திரும்பவே இல்லை, பின்னால் கையை மட்டும் நீட்டி, சும்மா இரு என்று காட்டினார். அடுத்த படிக்கு நகர்ந்து, வேண்டுமென்றே மெதுவாக, துணியை நனைத்தார்.

முதல் திருப்பம்வரை ஒன்பது படிகள். ஒவ்வொன்றும் மாறுவதைப் பார்க்கவும் தொடவும் வள்ளி ஒன்பதையும் ஏறினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, தானாக. நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். ஃப்ராவ் மெர்க்லே இறங்கி வந்து கைக்குட்டையைக் கொடுத்தார். "எஸ்ஸிக்?" என்றார், வினிகர் கண்ணில் பட்டுவிட்டதா என்ற கவலையோடு.

"யா" என்றேன். "எஸ்ஸிக்."

மீதி நாற்பத்தைந்தைத் தொட வேண்டாம் என்று அவரே சொன்னார். தினமும் வேலை முடிந்து வந்து ஒரு பகுதி மட்டும். ஆனால் சனிக்கிழமைக்குள் படிக்கட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கட்டிடத்தின் சட்டம், அந்தச் சட்டமே அவர்தான். என்ன செய்வது என்று நான் விழித்தேன். அவர் மூன்றாம் மாடி ஏறி, என் கதவிலிருந்த பலகையைக் கழற்றிக்கொண்டு போய், முறை இல்லாத தன் கதவில் மாட்டிக்கொண்டார். மற்ற வீட்டார் யாராவது கேட்டால் தன் வாரம் என்று சொல்லிக்கொள்வாராம். செருப்பு ஓரங்குலம் வெளியே நின்றால் கதவைத் தட்டியவர் அவர்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாம் நாள் வள்ளி உட்கார்ந்துவிட்டாள், வினிகரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று. நான்காம் நாளும் அப்படியே. எனக்குப் பழைய பயம் வந்து கவ்விக்கொண்டது. ஃப்ராவ் மெர்க்லே மூடிய குப்பியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தபால் பையிலிருந்து ஆப்பிளை எடுத்துத் தின்றார், அவளுக்கும் கொடுத்தார். ஐந்தாம் நாள் அவளே போய் அவர் கதவைத் தட்டி, "எஸ்ஸிக்" என்றாள். எட்டாம் நாள் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். வசந்தத்தில் மருத்துவர் அவளை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இன்னொரு அறுவை சிகிச்சை தேவையில்லை என்றார். நான் அவர் மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் மேசையைப் பார்த்தார், தூசியா என்று.

சாமி வந்தால் எப்படி வருவார் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. மணிச்சத்தம், சந்தன வாசனை, பூக்காவடி, மயில்தோகை. வினிகர் நாற்றத்தோடும் முதலுதவிப் பெட்டியோடும் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வருவார் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முணுமுணுத்துக்கொண்டு போன பரிசோதனை, இடுக்கியால் எடுத்த பலகை, படிக்கத் தெரியாமல் ஊற்றிய கறைநீக்கி, இவற்றையெல்லாம் இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. முருகன் நல்லவன். அவ்வளவு சண்டை போட்ட பிறகும் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. உன் முட்டி பிடித்துக்கொண்டதும் அவன் அருள்தானோ என்று அக்காவிடமே ஒருநாள் கேட்டேன்.

"வலி என்னுது, அருள் உன்னுதா? நல்லா கீதுடி ஞாயம்!" என்றாள்.

இப்போது எங்கள் படிக்கட்டில் ஜன்னல் வெயில் படும் இடங்களில் மஞ்சள் வெளுத்துப் போய்விட்டது. இரண்டாம் மாடி இருட்டுத் திருப்பத்தில் மட்டும் இன்னும் இருக்கிறது. ஃப்ராவ் மெர்க்லே தன் வாரத்தில் துடைக்கும்போது அந்த ஒன்பதைத் தேய்ப்பதில்லை. வள்ளி தினமும் எண்ணிக்கொண்டே ஏறுவாள், அவர் சொல்லிக் கொடுத்தபடி, ஜெர்மனில். ஐம்பத்து நான்கை இங்கே நான்கும் ஐம்பதும் என்று தலைகீழாகச் சொல்வார்கள். அவள் அதைக் கத்திச் சொல்லும்போது நான் சாவியோடு தயாராக நிற்க வேண்டும்.

இந்த ஆண்டு ஊருக்குப் போனோம். ஆடிக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு ஒரு சாதாரண நாளில், மலையடிவாரத்தில் அக்காவும் பாவாவும் காத்திருந்தார்கள். முன்னால் ஏறியவர் யாரோ வைத்த மஞ்சள் ஒவ்வொரு படியிலும் ஈரமாக இருந்தது. வள்ளி குனிந்து முதல் படியை முகர்ந்து பார்த்தாள். வினிகர் வாசனை இல்லை என்று ஏமாற்றம். பிறகு ஏறத் தொடங்கினாள். சாய்வு இல்லை, பிடி இல்லை. அக்கா தமிழில் எண்ண, அவள் ஜெர்மனில் எண்ண, பாவா இரண்டுக்கும் ஆங் ஆங் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா ஒரு கையால் முட்டியைப் பிடித்திருந்தாள், மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான்கும் ஐம்பதும் என்று வள்ளி கத்தினாள். கத்திவிட்டு நின்றாள். வலது பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு கருங்கல் சுவர், அதன் மேல் ஒரு குரங்கு. அவள் சுவரை மேலும் கீழும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நம்ம கதவு எங்க?"

அக்கா சிரித்தாள். "இன்னும் முந்நூத்திப் பதினோரு படி கீது கண்ணு, ஏறு" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. என் கை அதற்கு முன்பே தோள்பைக்குள் போய்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.